பூட்டு என்ன விலை?

ரங்கநாதன் தெருவில் கொஞ்சம் பேரம் பேசத் தெரிந்தால் இருநூற்றைம்பது ரூபாய்க்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கிவிடலாம். கூடவே மூன்று சாவி. ஒன்று தொலைந்தாலும் கவலை இல்லை.

2020 மார்ச்சில், கொரோனா டெஸ்ட்டுக்குத் தனியார் லேப்கள் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று ஐ.சி.எம்.ஆர். ஒரு விலை நிர்ணயித்தது. 4,500 ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். தர்ம நியாயம் எல்லாம் அப்புறம், முதலில் கணக்கு. நாற்பது பெரியவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயா, சமையல்காரர், நர்ஸ், வாட்ச்மேன் என்று பன்னிரண்டு பேர் உள்ள ஒரு முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்தால் 2,34,000 ரூபாய். மறுநாளே காய்கறிக் கடையில் ஆயாவுக்குத் தொற்றிக்கொண்டால் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. பூட்டுக்கு ஒரு தடவை செலவு செய்தால் போதும். இருபத்திநாலு மணி நேரமும் வேலை செய்யும். லீவு கேட்காது.

எந்த மேனேஜரும் பூட்டைத்தான் வாங்குவார். வாங்கினார்கள். 2020 மார்ச் 24-ஆம் தேதி சாயங்காலம் தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியபோது முதியோர் இல்லங்களின் கேட்டும் சாத்தப்பட்டது. மகன், மகள், பேரன், பேத்தி, பழைய ஆபீஸ் சிநேகிதர், வெள்ளிக்கிழமை பூ கொண்டுவரும் அம்மா, யாருக்கும் அனுமதி இல்லை. ஊருக்கு ஊரடங்கு தளர்ந்து, பனகல் பார்க்கில் மறுபடி வாக்கிங் தொடங்கி, துணிக்கடைகளில் தீபாவளிக் கூட்டம் அலைமோதிய பிறகும் பல இல்லங்களின் கேட் திறக்கவில்லை. சில இடங்களில் ஒரு வருடம். சில இடங்களில் அதற்கும் மேலே.

பழைய கதையை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டை யாரும் தூக்கிப் போடவில்லை. மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அடுத்த காய்ச்சல் வரும்போது முதலில் கைக்கு அகப்படப் போவது அதுதான். அதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது: ஒருவரைக் காப்பாற்றுவதற்காக, அவரைக் கேட்காமலே, அவர் எதற்காக உயிரோடு இருக்கிறாரோ அதை அவரிடமிருந்து எடுத்துவிடலாமா?

'உயிர் முக்கியமா, பேத்தியைப் பார்ப்பது முக்கியமா?' என்று ஒரு வரியில் மடக்கிவிடலாம். டி.வி. விவாதத்துக்கு அது போதும்.

பயம் பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லேண்ட் என்ற ஊரில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் கொரோனா நுழைந்தது. சில வாரங்களில் அங்கே டஜன் கணக்கில் மரணம். கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் இந்த மாதிரி இல்லங்களில் இருந்தவர்கள். இங்கிலாந்தில் இன்னும் கொடுமை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலி செய்ய வேண்டும் என்பதற்காக, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் சுமார் 25,000 பேரை அங்கிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்ற விதி ஏப்ரல் 15-ஆம் தேதிதான் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 2022 ஏப்ரலில், லண்டன் ஐகோர்ட் 'அது சட்டவிரோதம்' என்று தீர்ப்புச் சொன்னது. அறிகுறி இல்லாதவர்கள் மூலமாகவும் நோய் பரவும் என்ற அபாயத்தை அரசு கணக்கில் எடுக்கவே இல்லை என்பதுதான் காரணம். தீர்ப்பைக் கேட்க வேண்டியவர்கள் பல பேர் அப்போது இல்லை.

ஆக, 2020 ஏப்ரலில் மாம்பலத்திலோ அடையாறிலோ ஒரு மேனேஜர் கேட்டைச் சாத்தினார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுப்பூசி இல்லை. மாஸ்க் கிடைக்கவில்லை. தி.நகர் அடங்கிய கோடம்பாக்கம் மண்டலம் தினமும் பேப்பரில் வரும் பட்டியலில் மேல் வரிசையில் இருந்தது. தொற்று வந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரே தடவை, ஈ, காக்கை இல்லாத ரங்கநாதன் தெருவைப் பார்த்தோமே, அந்தக் காலம். அப்போது பூட்டியது சரி.

ஆனால் பூட்டினது யாரை? மகளை. மருமகனை. ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களை. தினமும் காலையில் ஆறு மணிக்கு வெளியிலிருந்து வந்து, பெரியவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, டயப்பர் மாற்றி, ராத்திரி வீட்டுக்குப் போகிற ஆயாவை யாரும் பூட்ட முடியாது. அவர் இல்லாவிட்டால் இல்லமே இல்லை.

கிருமிக்கு இது தெரிந்திருந்தது.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. முதியோர் இல்லம் அல்ல, குழந்தைகள் காப்பகம். 2020 ஜூனில் ராயபுரத்தில் அரசு நடத்தும் காப்பகம் ஒன்றில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா இருப்பது தெரிய வந்தது. ஊரடங்கின் உச்சம் அது. குழந்தைகள் எங்கேயும் போகவில்லை, யாரும் அவர்களைப் பார்க்க வரவில்லை. பின் எப்படி வந்தது? வேலைக்கு வந்து போகிறவர்கள் வழியாக வருவதைத் தவிர வேறு வழி ஏது? உச்ச நீதிமன்றம் தானாகவே அதை எடுத்து, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. நான் கவனித்தது வேறு விஷயம். ஒருவருக்கு வந்ததும் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்ததால்தான் அந்த 35 என்ற எண்ணே நமக்குக் கிடைத்தது. எடுக்காமல் விட்டிருந்தால் 'எங்கள் காப்பகத்தில் யாருக்கும் இல்லை' என்று போர்டு மாட்டியிருக்கலாம். பொய்யும் இல்லை. யாருக்கும் இருப்பதாகத் தெரியாது, அவ்வளவுதானே!

டெஸ்ட்டுக்குப் பதிலாக நம்மிடம் ஒரு சடங்கு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் துப்பாக்கி. பாண்டி பஜாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் செக்யூரிட்டி அதை நீட்டுவார். எனக்கு ஒரு தடவை 91 டிகிரி காட்டியது. அந்தக் கணக்குப்படி நான் ஐ.சி.யூ.வில் இருந்திருக்க வேண்டும். "ஓகே சார், போங்க" என்று சானிடைஸரைக் கையில் பீய்ச்சினார். முதியோர் இல்ல வாசலிலும் இதே துப்பாக்கிதான். ஆயா வரும்போது நெற்றியில் ஒரு தடவை, நோட்டில் ஒரு கையெழுத்து.

வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு முதியோர் இல்லத்தில் அந்த மார்ச் மாதமே டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இருமுகிறவர்கள், இருமாதவர்கள் என்று பார்க்காமல் எல்லோருக்கும் டெஸ்ட். 48 பேருக்குத் தொற்று. அந்த 48 பேரில் 27 பேருக்கு அன்றைய தேதியில் ஒரு அறிகுறியும் இல்லை. பாதிக்கு மேலே! அவர்களில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் காய்ச்சல், இருமல் வந்தது. அதாவது, துப்பாக்கி 'ஓகே' சொன்ன நாளில் அவர்கள் பக்கத்துக் கட்டிலுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் பல சமயம் காய்ச்சலே அடிக்காது என்பது டாக்டர்களுக்கு ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். சாப்பாடு இறங்கவில்லை, கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார், அவ்வளவுதான் தெரியும். "வயசாச்சு" என்று நாம் விட்டுவிடுவோம்.

இந்த இடத்தில் ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாதவர் அவர்தான்.

சைதாப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். பகலில் ஒரு இல்லத்தில் டியூட்டி. ராத்திரி வேறொரு வீட்டில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி. ஒரு சம்பளத்தில் பள்ளிக்கூட ஃபீஸ், வாடகை இரண்டும் கட்ட முடியாது என்பதால் இரண்டு வேலை. இவரை டெஸ்ட்டுக்கு உட்கார வைக்கிறீர்கள். பாசிட்டிவ் வந்தால் என்ன ஆகும்? பதினாலு நாள் வேலை இல்லை, சம்பளம் இல்லை. வீட்டு வாசலில் மாநகராட்சி ஸ்டிக்கர். தெருவில் பேச்சு. வீட்டு ஓனர் முகம் திருப்பிக்கொள்வார். இதெல்லாம் தெரிந்த ஒரு பெண், தொண்டை கரகரவென்று இருக்கும் காலையில் என்ன செய்வார்? ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். துப்பாக்கியும் 'ஓகே' சொல்லும்.

நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்வோம். இதில் ஒழுக்கக் குறைவு ஒன்றும் இல்லை, சம்பளக் குறைவுதான். இங்கிலாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இல்லங்களிடம் 2020-ல் கேட்டு எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. ஊழியருக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம் கொடுத்த இல்லங்களில், பெரியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. ஏஜென்சி மூலம் அடிக்கடி ஆள் மாற்றிய இல்லங்களில் அதிகம். 'நோய்த்தடுப்பு' என்றதும் நம் கண் முன்னால் வருவது என்ன? கவச உடை, பிளீச்சிங் பவுடர், சானிடைஸர் பாட்டில். இந்தப் பட்டியலில் 'மெடிக்கல் லீவு' என்று ஒரு வரி சேர்க்க எந்த டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அக்கவுன்டன்ட் போதும்.

வேறு வழியும் இருந்தது. ஆயாவையும் உள்ளேயே வைத்துப் பூட்டுவது. பிரான்சில் 17 இல்லங்களில் ஊழியர்கள் தாங்களாகவே முன்வந்து வாரக்கணக்கில் பெரியவர்களோடு உள்ளேயே தங்கினார்கள். அந்த 17-ல் ஒரே ஒரு இல்லத்தில்தான் தொற்று நுழைந்தது. நாடு முழுக்க எடுத்தால், அதே சமயத்தில் கிட்டத்தட்ட பாதி இல்லங்களில். சிங்கப்பூரில் அரசே ஏற்பாடு செய்து, முதியோர் இல்ல ஊழியர்களை இல்ல வளாகத்திலும் ஹோட்டல்களிலும் தங்க வைத்தது. நம் ஊரிலும் பல இல்லங்கள் இதைச் செய்தன. ஹாலில் பாய் போட்டு, மாதக்கணக்கில்.

பலன் தரும் ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இங்கே எனக்கு ஒரு முள் தைக்கிறது. என் அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதற்காக, இன்னொரு அம்மா தன் குழந்தைகளைப் பார்க்காமல் மூன்று மாதம் ஹாலில் படுக்க வேண்டும். பிரான்சில் அவர்கள் விரும்பி வந்தார்கள். நம் ஊரில் "இருக்கறதா இருந்தா இரு, இல்லேன்னா வேலைக்கு வராதே" என்று சொன்ன இடங்களில் அதை விருப்பம் என்று சொல்ல முடியுமா? அந்த மூன்று மாதத்துக்கு எத்தனை பேர் இரட்டைச் சம்பளம் கொடுத்தார்கள்? ஒன்று, விலை கொடுத்து வாங்க வேண்டும். அல்லது கேட்டு வாங்க வேண்டும். விலையும் கொடுக்காமல் கேட்கவும் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது.

கேட்பது என்றதும் ஞாபகம் வருகிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரு இல்லம், பெயர் வேண்டாம். நல்ல இல்லம்தான். 2022 தொடக்கத்தில் அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஆடிட் பிரிவில் ரிடையர் ஆனவர். எண்பத்திமூன்று வயது. நான் காமர்ஸ் என்றதும் குஷியாகிவிட்டார்.

"தம்பி, எங்க வம்சத்துல எண்பத்தியாறைத் தாண்டினவங்க கிடையாது. அதுல ஒண்ணரை வருஷத்தை இவங்க எடுத்துக்கிட்டாங்க. நல்லதுக்குத்தான், நான் இல்லேன்னு சொல்லலை. எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கட்டிலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ரிடையர்டு ஸ்கூல் வாத்தியார்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீர்? பேத்தியை வரச் சொல்லும்பீர். அவ வந்து உமக்குக் கொடுத்துட்டுப் போவா. நீர் ராத்திரி பூரா இருமுவீர். ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல மூணடி. நான் எங்கே போறதாம்?"

ஆடிட்காரர் சிரித்துவிட்டார். "நியாயம்தான்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அதுதான் சிக்கல். தேய்மானக் கணக்கு போட்டுப் பாருங்கள். எனக்கு இன்னும் முப்பது வருடம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடம் என்பது மூன்று சதவீதம். போனால் போகட்டும் என்று சொல்ல முடியும். அவருக்கு மிச்சம் மூன்று வருடம்தான் என்றால் ஒன்றரை வருடம் என்பது பாதி. பேத்தி எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். குரல் மாறிவிட்டது, உயரம் கூடிவிட்டது. அதற்கு எந்த லெட்ஜரிலும் பற்று எழுதவில்லை. இல்லத்தின் கணக்கில் அந்த வருடம் 'மரணம் - இல்லை' என்று மட்டும் இருக்கும். நல்ல கணக்கு. ஆனால் முழுக் கணக்கு அல்ல. ஆடிட் செய்கிறவருக்கு அது உறுத்தாமல் என்ன செய்யும்?

அதே சமயம், 'என் உயிர், என் இஷ்டம்' என்று அவரால் சொல்லிவிடவும் முடியாது. தனி வீட்டில் இருந்தால் சொல்லலாம். (தனி வீட்டில் மட்டும் சொல்ல முடிந்ததா என்ன? தி.நகரே பாதி முதியோர் இல்லம்தான், போர்டு மாட்டவில்லை, அவ்வளவே. பிளாட்டில் தாத்தாவும் பாட்டியும், பிள்ளைகள் நியூஜெர்சியில். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் "அப்பா, வெளியே போகலையே?" என்று பூட்டைச் சரிபார்த்தார்கள்.) இல்லத்தில் அவர் ரிஸ்க் எடுத்தால் வாத்தியாரும் சேர்ந்து எடுக்கிறார், அவரைக் கேட்காமலே. ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரின் நுரையீரலில் போய் முடிகிறது. அந்த மூன்றடி இடைவெளியை எந்தத் தத்துவப் புத்தகமும் நாலடி ஆக்கித் தராது.

டெஸ்ட் அந்த இடைவெளியில்தான் வந்து உட்கார வேண்டும். பேத்திக்கு இன்று தொற்று இருக்கிறதா, இல்லையா என்று ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல ஒரு கருவி இருந்தால், ஆடிட்காரரும் வாத்தியாரும் சண்டை போட வேண்டியதில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலோ வேப்பமரத்தடியிலோ, அரை மணி நேரம். வாத்தியாருக்கும் சம்மதம் இருக்கும். பூட்டு எல்லோரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறது. டெஸ்ட் யாரைச் சந்தேகப்பட வேண்டும், யாரை வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறது.

நம் பாட்டிகள் காலத்து வழக்கம் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தெருவே புரிந்துகொண்டு ஒதுங்கும். உள்ளே நோயாளி தனியாகவா கிடந்தார்? ஏற்கெனவே அம்மை வந்து போன அத்தையோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருப்பார். அதை மூடநம்பிக்கை என்று சொல்லிப் பழகிவிட்டோம். மாரியம்மன் கணக்கை விட்டுவிடுங்கள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்த்து வைத்திருந்த ஏற்பாடு அது. ஒதுக்கி வைத்தார்கள், விட்டுவிடவில்லை.

மறுபடி விலைக்கு வருகிறேன். 4,500 ரூபாய் டெஸ்ட் 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 3,000 ஆயிற்று. படிப்படியாக இறங்கி 2021 மே மாதம் 900. அரசு முகாம்களில் இலவசம், ஆனால் அங்கே முதல் மரியாதை காய்ச்சல், இருமல் உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாடு இன்னொரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது. சீக்கிரம் ரிசல்ட் தரும் ஆன்டிஜென் டெஸ்ட் பக்கம் போகாமல் ஆர்.டி.பி.சி.ஆர். ஒன்றையே நம்பியது. துல்லியத்துக்காகச் செய்தது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் ஆர்.டி.பி.சி.ஆர். ரிசல்ட் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். வாசலில் நிற்கும் பேத்திக்கு அது உதவாது.

2021 மே 19-ஆம் தேதி ஐ.சி.எம்.ஆர். வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் டெஸ்ட் கிட் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. மூக்கில் ஒரு குச்சி, பதினைந்து நிமிடம், இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். விலை என்ன தெரியுமா? 250 ரூபாய்.

பூட்டு விலை.

அதற்கு முன்பே, மார்ச் 1-ஆம் தேதி முதல் அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. அதிலும் இல்லத்துப் பெரியவர்களுக்கு ஒரு தனிக் கதை. ஊசிக்கு அடையாள அட்டை வேண்டும். தெருவிலிருந்து மீட்கப்பட்டு இல்லத்தில் சேர்க்கப்பட்டவர்களிடம் ஏது ஆதார், ஏது வோட்டர் ஐ.டி.? சிறைக் கைதிகள், மனநலக் காப்பகங்களில் இருப்பவர்கள், முதியோர் இல்லவாசிகள் என்று பட்டியல் போட்டு, 'அட்டை இல்லாவிட்டாலும் ஊசி போடலாம்' என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை வெளியிட்டது மே 6-ஆம் தேதி. இரண்டு மாதம் தாமதம். அந்த இரண்டு மாதத்தில்தான் இரண்டாவது அலை எழும்பி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊசி வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவும் முடியவில்லை. 2021 நவம்பர் கடைசியில் மும்பை பக்கம், தாணே மாவட்டத்தில் பிவண்டி அருகே ஒரு முதியோர் இல்லத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பெரும்பாலோர் இரண்டு டோஸும் போட்டவர்கள். பலருக்கு அறிகுறியே இல்லை. முகாம் போட்டு எல்லோரையும் சோதித்ததால்தான் தெரிந்தது. ஊசி உயிரைக் காப்பாற்றும், தொற்றை முழுதாகத் தடுக்காது. இரண்டு கோடு கிட்டும் சில சமயம் ஏமாற்றும், தொற்று ஆரம்ப நிலையில் இருந்தால் கோட்டைக் காட்டாது. ஆகவே வாத்தியாரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயத்தைக் குறைக்கக் கருவிகள் வந்த பிறகும் அவற்றைப் பயன்படுத்த யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று என்றுதான் சொல்கிறேன்.

ஏன் அவசரம் இல்லை? கணக்குப் பிள்ளையாக யோசித்தால் புரிகிறது. கேட்டைத் திறந்து ஒருவருக்குத் தொற்று வந்தால் மேனேஜர் பெயர் பேப்பரில் வரும். கேட்டைத் திறக்காமல் ஒரு பெரியவர் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, ஒரு நாள் போய்ச் சேர்ந்தால் அது இயற்கை மரணம். திறப்பதன் செலவு இல்லத்தின் தலையில். சாத்துவதன் செலவு பெரியவரின் தலையில். யார் தலையில் செலவு விழுகிறதோ அவர் கையில் சாவி இல்லை. மகன்களும் எதிர்க்கவில்லை. பல பேருக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது. 'போக முடியல' என்பதற்கும் 'போகல' என்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போன காலம் அது.

நெதர்லாந்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 2020 மே மாதமே, தடுப்பூசி வருவதற்கு வெகு முன்பு, 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு உறவினரை மட்டும் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள். ஆய்வாளர்கள் கூடவே இருந்து மூன்று வாரம் கவனித்தார்கள். வந்தவர்கள் மூலம் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. பெரியவர்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது என்று ஊழியர்களே சொன்னார்கள். பிறகு நாடு முழுக்கப் படிப்படியாகத் திறந்தார்கள். குருட்டு தைரியம் இல்லை. சின்னதாக ஒரு கதவைத் திறந்து, அளந்து பார்த்து, அடுத்த கதவு.

இங்கிலாந்தில் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2024 ஏப்ரல் 6 முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. இல்லத்தில் இருப்பவர் பார்க்க விரும்பும் ஆளைப் பார்க்க இல்லம் வழி செய்து தர வேண்டும், மறுத்தால் அதற்கு அசாதாரணமான காரணம் இருக்க வேண்டும். 'அனுமதி இல்லை' என்று ஒரு போர்டு மாட்டினால் அங்கே போதாது. காரணம் சொல்ல வேண்டியது கேட்டின் உள்ளே இருப்பவர் அல்ல, சாவி வைத்திருப்பவர்.

நம் பக்கம், கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் முதியோருக்காக ஒரு பெரிய மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கொரோனா வந்தது. 2020 ஜூலையில் அதையே கொரோனா ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். கடைசியில் 2024 பிப்ரவரியில் அது தேசிய முதியோர் நல மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. நல்ல காரியம். கட்டடம் கட்டுவதில் நாம் எப்போதும் கெட்டிக்காரர்கள்.

சமீபத்தில் என் நண்பர் ஒருவர் தன் அப்பாவை ஒரு இல்லத்தில் சேர்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். நாலு பக்கத்துக்கு ஒரு படிவம். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, காபியா டீயா, பூண்டு சேர்ப்பதுண்டா, ஏகாதசி விரதம் உண்டா எல்லாம் கேட்டிருந்தார்கள். அவசரத்துக்கு அழைக்க மூன்று நம்பர், எல்லாம் பிள்ளைகளுடையது. கடைசிப் பக்கத்தில், 'தொற்றுநோய்க் காலங்களில் நிர்வாகத்தின் முடிவே இறுதியானது' என்று ஒரு வரி. கீழே மகன் கையெழுத்துப் போட இடம்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் மார்ஜினில் எழுதினார்: 'என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யவும். வாரம் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கும் செலவு என் பென்ஷனில்.' கீழே கையெழுத்து, தேதி.

ஆபீஸில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாத்தா, இதை கம்ப்யூட்டர்ல எந்தக் காலத்துல ஏத்தறது?"

"புதுசா ஒண்ணு போட்டுக்கோம்மா" என்றார் பெரியவர்.